சணலுக்குள் எழும்பும் செம்பொட்டுப் பூச்சி

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயலில் பெரும்போக அறுவடை முடிந்த ஈரத்தில் சணல் விதைத்தோம். இப்போது மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. உள்ளே கால் வைத்தால் வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த சின்னப் பூச்சிகள் எழும்புகின்றன. இது வண்ணத்துப்பூச்சியா? பெயர் என்ன? மருந்து அடிக்க வேணுமா?

பதில்: அந்துப்பூச்சிதான். பகலில் பறப்பதால் பலரும் மாறி நினைக்கிறார்கள். உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குண்டாகத் தடித்திருக்கும்; இதற்கு நூல்போல மெலிந்தே முடியும். பறப்பிலும் வித்தியாசம் தெரியும். நாலடி பறந்து, பொத்தென்று ஒரு தண்டில் விழுந்து, சிறகை உடம்போடு சுருட்டிக்கொள்ளும். அப்போது பார்த்தால் காய்ந்த புல்லுத் துண்டு போலிருக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் யூட்டெதைசா என்ற பேரினத்துக்குப் பொருந்துகின்றன. சிறகை விரித்தால் 3 முதல் 4 சென்டிமீற்றர் வரும். ஆனால் முன்சிறகுப் பொட்டுகளோடு நின்றுவிடாதீர்கள், பின்சிறகையும் பார்க்க வேண்டும். விடியப்புறம் பனி காயுமுன் போங்கள். குளிரில் அது சோர்ந்திருக்கும். கண்ணாடிக் குவளையால் மெல்ல மூடி, அடியில் ஒரு மட்டையைச் செருகுங்கள். கொஞ்ச நேரத்தில் குவளைச் சுவரில் ஏறிச் சிறகடிக்கும். வெள்ளைப் பின்சிறகும் அதன் ஓரத்தில் மை கொட்டியது போன்ற ஒழுங்கற்ற கரும்பட்டையும் தெரிந்தால் யூட்டெதைசாவேதான். படம் எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பின்சிறகும் செம்மஞ்சளாக இருந்து, முன்சிறகின் கரும்புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அது ஆர்ஜினா அஸ்ட்ரியா. அதுவும் சணல்காட்டுக்காரிதான்.

இனப்பெயர் வரை போவதில் மட்டும் கவனம் தேவை. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட யூட்டெதைசா புல்செல்லாவும், அதன் உறவான யூட்டெதைசா லோட்ரிக்ஸும் இலங்கையில் உண்டு. பொட்டுகளின் அளவும் நெருக்கமும் பூச்சிக்குப் பூச்சி மாறுவதால், உறுதியாகப் பிரிக்க இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஒரு படத்தை வைத்து நான் பெயர் சொன்னால் அது ஊகம்தான். குறிப்பேட்டில் ‘யூட்டெதைசா’ என்றெழுதி, திகதியையும், எந்தச் செடியில் கண்டீர்கள் என்பதையும் சேருங்கள். செடி முக்கியம்: சணல், கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றில்தான் இவற்றின் மயிர்க்கொட்டிகள் வளரும். கருஞ்சாம்பல் உடம்பு, வெள்ளைக் கோடு, இடையிடையே செம்மஞ்சள், ஐதான மயிர். அச்செடிகளில் உள்ள பைரோலிசிடீன் அல்கலொயிட்டு என்ற கசப்பு நஞ்சை மயிர்க்கொட்டி தன்னுள் சேர்த்துக்கொள்ளும். பூச்சியான பின்னும் அது உடம்பில் இருக்கும். அமெரிக்காவிலுள்ள இதன் உறவினம் ஒன்று வலையில் விழுந்தால், சிலந்தியே இழையை வெட்டி அதை வெளியே விட்டுவிடுகிறது. பகலில் பளிச்சென்ற நிறத்தோடு துணிந்து திரிவதன் காரணம் அந்த நஞ்சுதான்.

இனி மருந்து. பசளைக்காகப் பூக்கும் பருவத்தில் உழுது தாழ்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றும் அடிக்க வேண்டாம். மயிர்க்கொட்டி தின்ற இலையும் மண்ணுக்குத்தான் போகப்போகிறது. அடிக்கும் நஞ்சு பூவுக்கு வரும் தேனீயைத்தான் முதலில் கொல்லும். விதைக்கு விட்ட துண்டு என்றால் காய்களைக் கவனியுங்கள். மயிர்க்கொட்டி காயைத் துளைத்து உள்ளே இருக்கும் விதையைத் தின்னும். இளங்காயில் வட்டத் துளையோ எச்சமோ கண்டால் அந்தக் காய்களைக் கையால் ஆய்ந்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள்.