பெண்கள் பக்கம் அலையும் கிடார்

அன்புள்ள ஐயா,

பாம்பனில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறேன். ஆறு மாதம் முன்பு கிடார் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் பழைய ஸ்டீரியோ மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது. எல் / மோனோ (இடது), ஆர் (வலது) என்று இரண்டு அவுட்புட். கோயிலுக்குள் இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், வலப்பக்கம் ஒரு பாக்ஸ். இரண்டுக்கும் தனித்தனி லைன் கொடுத்து கோரஸ் எஃபெக்ட் போட்டால், ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ‘எப்போதும் போலத்தான் இருக்கு’ என்கிறார்கள். பெண்கள் பக்கம் ‘கிடார் சுருதி விலகி அலையுது’ என்கிறார்கள்.

திருவிழாவில் இன்னும் மோசம். சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு அவுட்புட்டையும் சேர்த்து ஒரே கேனன் பிளக்கில் (மூன்று பின் உள்ள மைக் பிளக்) பற்றவைத்துக் கொண்டுவந்தார். எதிரொலி இடமும் வலமும் மாறி மாறி வரும் பிங்-பாங் டிலே போட்டதும், அடிக்கிற சுரம் தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை. அதன் எதிரொலி மட்டும் கேட்டது. ஜெனரேட்டர் ஓடினால் ‘உம்’ என்று இரைச்சல் வேறு. அடாப்டரின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார்கள். பெடலை விற்றுவிடலாமா?

அ., பாம்பன்

*

அன்புள்ள அ.,

விற்க வேண்டாம். பெடல் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய மூன்று தொல்லைகளில் இரண்டு, பெடலுக்கு வெளியே வலதும் இடதும் எங்கே சேர்கின்றன என்பதைப் பொறுத்தவை.

பெண்கள் பக்கத்திலிருந்து தொடங்குவோம். கோரஸ் என்பது ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரதியைச் சுமார் 10 முதல் 25 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைப்பது. தாமதம் மாறும்போது பிரதியின் சுருதி கொஞ்சம் ஏறி இறங்கும். அசலும் பிரதியும் ஒன்றாகக் காதில் விழுந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். பிரதி மட்டும் தனியாக விழுந்தால் வெறும் அசைவு. ஒற்றைக் கிடார் சுருதி விலகித் தள்ளாடும். உங்கள் கோரஸ் அசலை இடது அவுட்புட்டிலும் பிரதியை வலது அவுட்புட்டிலும் அனுப்பும் வகை. ஆண்களுக்கு அசல், பெண்களுக்கு அசைவு. இரு தரப்பும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வகைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரிலும், மறுவருடம் வந்த பாஸ் சிஇ-1 பெடலிலும் கோரஸ் இப்படித்தான்: ஒரு பக்கம் அசல், மறுபக்கம் அசையும் பிரதி, கலப்பது காற்றில். ஜேசி-120இல் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதனால் எங்கே நின்றாலும் இரண்டும் சேர்ந்தே கேட்கும். உங்கள் பாக்ஸ்கள் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. 12 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்கு வலது பாக்ஸ் 3 மீட்டரில், இடது பாக்ஸ் 11 மீட்டரில். நம் வெயிலில் ஒலி செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. எட்டு மீட்டர் வித்தியாசம் என்றால் 23 மில்லிசெகண்ட். தூரத்துப் பாக்ஸின் சத்தம் தாமதமாகவும் வருகிறது, தணிந்தும் வருகிறது. காது முதலில் வந்ததையே பிடித்துக்கொள்ளும். நடுப்பாதையில் நிற்பவருக்கு மட்டும்தான் நீங்கள் நினைத்த கோரஸ். பூசைக்கு நடுப்பாதையில் யார் நிற்கிறார்கள்?

சந்தேகம் தீர ஒரு சோதனை. கோரஸைப் போட்டு ஒரே சுரத்தை நீட்டி வாசியுங்கள். மிக்சரில் இடது சேனலை மூடி வலதை மட்டும் கேளுங்கள், பிறகு மாற்றிக் கேளுங்கள். பெடலில் கேபிளை உருவிச் சோதிக்கக் கூடாது. ஆர் ஓட்டை காலியானதும் பல பெடல்கள் ‘இனி மோனோ’ என்று முடிவுசெய்து இரண்டையும் எல்லில் கலந்துவிடும். நீங்கள் கேட்பது வேறொன்றாக இருக்கும்.

கோயிலுக்குள் என்ன செய்யலாம்? அசலை இரண்டு பக்கமும் சமமாகவும், பிரதிகளை மட்டும் வெவ்வேறாகவும் அனுப்பும் கோரஸ் அதே பெடலில் வேறு பெயரில் இருக்கலாம். மேலே சொன்ன சோதனையால் கண்டுபிடியுங்கள். மிக்ஸ் 30, டெப்த் 25 முதல் 35, ரேட் இரண்டு செகண்டுக்கு ஒரு சுற்று என்கிற அளவு. சில பெடல்களில் ரேட் எண் ஹெர்ட்ஸ் கணக்கு அல்ல, வெறும் 1 முதல் 50. கடிகாரத்தின் செகண்ட் முள்ளைப் பார்த்து வையுங்கள். மிக்சரில் ஒலியை இடம் வலம் தள்ளும் பேன் குமிழை ஓரம்வரை திருப்பாமல், இடதை 10 மணி முள் திசையிலும் வலதை 2 மணி முள் திசையிலும் நிறுத்துங்கள். அகலம் குறையும், ஆனால் யாருக்கும் பாதி சங்கீதம் போகாது. ரிவர்பை (கூடம்போல் முழங்கவைக்கும் எஃபெக்ட்) முழுக்க எடுத்துவிடுங்கள். உயரக் கூரையும் பூச்சுச் சுவரும் உள்ள கோயில் அதை இலவசமாகவே தருகிறது. அதற்கு மேல் நாம் ஊற்றினால் பாட்டின் சொல் போய்விடும்.

அடுத்தது தெருக்குழாய். சவுண்ட் சர்வீஸ்காரரை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு லைன் இருக்கிறது, கேனனில் கிரவுண்டுக்கான முதல் பின் போக இரண்டு பின் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று பற்றவைத்திருப்பார். ஆனால் மிக்சரின் மைக் இன்புட் இரண்டாம் பின்னிலிருந்து மூன்றாம் பின்னைக் கழிக்கும். இரண்டிலும் ஒரேபோல் வருவதை இரைச்சல் என்று எண்ணித் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. நீண்ட மைக் கேபிள் சுத்தமாக இருப்பது அந்தக் கழித்தலால்தான். உங்கள் பிங்-பாங்கில் அடிக்கிற சுரம் இடதிலும் வலதிலும் ஒரே அளவு. கழித்தால் பூச்சியம். எதிரொலிகள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று தனித்தனியாக வருவதால் தப்பித்துக்கொண்டன. மல்ட்டிமீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து, எல் பிளக்கின் முனையிலிருந்து கேனனின் இரண்டாம் பின்னுக்கும், ஆர் பிளக்கின் முனையிலிருந்து மூன்றாம் பின்னுக்கும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் பீப் அடித்தால் அந்த கேபிளை வெட்டி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மிக்சரில் 48 வோல்ட் ஃபேண்டம் (மைக் கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) போட்டிருந்தால் அது இதே வழியாகப் பெடலின் இரண்டு அவுட்புட்டுக்குள்ளும் ஏறும். பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டையும் ஒரே பின்னில் முறுக்கிப் பற்றவைப்பதும் வேண்டாம். ஒரு அவுட்புட் மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சத்தம் குறையும், சில பெடல்களில் கரகரக்கும். கட்டாயம் சேர்த்தாக வேண்டும் என்றால் ஒவ்வொரு லைனிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்துப் பிறகு சேர்க்கலாம். அதைவிட எளிது: ஆரைத் தொடாதீர்கள். எல் / மோனோவிலிருந்து ஒரு பி-38 (சாதாரண கிடார் பிளக்) கேபிள், அது ஒரு டி.ஐ. பாக்ஸுக்கு (கிடார் லைனை மைக் லைனாக மாற்றித் தரும் பெட்டி), அங்கிருந்து சாதாரண மைக் கேபிள் மிக்சருக்கு. தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய்களில் இடம் வலம் கிடையாது. எல்லாம் ஒரே லைன்.

உங்கள் பெடல் உண்மையில் கலந்து தருகிறதா, இல்லை இடதை மட்டும் தருகிறதா என்று பார்க்க பிங்-பாங்கே போதும். டைம் 500, ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) 40 வைத்து, எல்லில் மட்டும் கேபிள் செருகி, ஒரு சுரத்தை ஒருமுறை மீட்டிக் கையை எடுங்கள். எதிரொலி சம இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தேய்ந்தால் கலக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போனால் வலது பக்கம் தொலைகிறது. நேற்றுவரை கலந்தது இன்று கலக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் உப்பு. பல பெடல்களில் ஆர் ஓட்டைக்குள் ஒரு சிறிய தகட்டுச் சுவிட்ச் இருக்கும். பிளக் இல்லாதபோது அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பச்சை பூத்தால் தொடாது. பெடல் ‘ஆரில் கேபிள் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்ளும்.

கோயிலுக்குள் பெண்களைத் தொல்லைப்படுத்திய அந்த அசல்-பிரதி கோரஸ்தான் தெருவுக்குச் சரியானது. இரண்டும் ஒரே லைனில் கலக்கும்போது அது முழுமையான கோரஸ் ஆகிறது. மாறாக, ‘வைட்’ என்று விற்கப்படும் சில கோரஸ்கள் வலது பிரதியைத் தலைகீழாக்கி அகலம் காட்டும். மோனோவில் கலந்ததும் இரண்டு பிரதியும் ஒன்றையொன்று அழித்துவிட, நீங்கள் பெடலை மிதித்ததே தெரியாது. ஆகவே இரண்டு பேட்ச் (பெடலில் சேமிக்கும் ஒலி அமைப்பு) சேமித்து வையுங்கள். ஒன்றுக்குக் ‘கோயில்’, ஒன்றுக்குத் ‘தெரு’ என்று பெயர் வையுங்கள். இருபது பேட்ச் வைத்திருப்பவர் சப்பரம் நகரும் நேரத்தில் தவறானதைத்தான் மிதிப்பார்.

தெருப் பேட்ச்சில் டிலே வேண்டாம். ஐம்பது மீட்டருக்கு ஒரு குழாய் என்றால் அடுத்த குழாயின் சத்தம் 140 மில்லிசெகண்ட் பிந்தி வரும், அதற்கடுத்தது இன்னும் பிந்தி. ஊரே டிலே பெடலாக இருக்கும்போது நம்முடையது எதற்கு? குழாயில் அடிச்சுரம் வராது, அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸையும் கொஞ்சம் தணியுங்கள், தகர ஓசை குறையும்.

கோயிலுக்குள் டிலே அழகு, ஆனால் தாளத்தில் விழ வேண்டும். 60,000ஐ ஒரு நிமிடத்தின் தட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 90 தட்டுக்கு 667 மில்லிசெகண்ட்; முக்கால் தட்டு 500. நான்கு தட்டுப் பாட்டுக்கு முக்கால் தட்டு நன்றாக உட்காரும். காணிக்கைப் பாடலோ நற்கருணைப் பாடலோ திஸ்ர நடையில் வந்தால் அதே முக்கால் இடறும். அங்கே பெரிய தட்டை மூன்றால் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 60 என்றால் 333, அல்லது அதன் இரட்டிப்பு 667. ஃபீட்பேக் 20, மிக்ஸ் 20க்கு மேல் போகாதீர்கள்.

பெடலுக்குள் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். கம்ப்ரஸர், டிரைவ், ஈக்யூ, பிறகு கோரஸ், டிலே, கடைசியில் ரிவர்ப். டிரைவ் போன்றவை பல பெடல்களில் மோனோ. கோரஸுக்குப் பின்னால் ஒரு மோனோ எஃபெக்ட் வந்தால் ஸ்டீரியோ அங்கேயே முடிந்தது.

இரைச்சலுக்கு வருகிறேன். எர்த் பின்னை வெட்டச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஈர மணலில் மேடை, கையில் கிடார் கம்பி, உதட்டருகே இரும்பு மைக். எர்த் இல்லாத இடத்தில் மின்சாரம் திரும்பிப் போகும் வழி நீங்கள்தான். பாடும்போது உதட்டில் சுள்ளென்றால் வாசிப்பதை நிறுத்தி, ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி புதைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மேடை லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். ‘உம்’ சத்தத்தை நிறுத்த வேண்டிய இடம் டி.ஐ. பாக்ஸ், அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது. அதைப் போட்டும் போகாமல், கம்பியில் கை வைத்தால் மட்டும் குறைகிறது என்றால் கிடாரின் பிக்-அப் இரைச்சலைப் பிடிக்கிறது. ஜெனரேட்டர் வயரிலிருந்தும் சீரியல் பல்பு வரிசையிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

இரைச்சல் ‘உம்’ இல்லாமல் ‘கீ’ என்று மெல்லியதாக இருந்தால் அடாப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். உங்கள் பெடலின் முதுகில் உள்ள படத்தைப் பாருங்கள். மீட்டரின் சிவப்பு முனையை பிளக்கின் வெளிவளையத்திலும் கறுப்பை உள்துளையிலும் வைத்தால் கூட்டல் 9 காட்ட வேண்டும். கழித்தல் குறி வந்தால் செருகவே கூடாது. மல்ட்டி எஃபெக்ட்ஸுக்கு 500 மில்லிஆம்ப் தரும் அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெடலோடு அதைப் பங்கு போடாதீர்கள்.

உப்பைப் பற்றிக் கடைசியாக. வாடைக் காற்றில் வடகடல், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் தென்கடல். பாம்பனில் இரண்டு பக்கமும் உப்புக் காற்றுதான். காற்றில் ஈரம் முக்கால் பங்கு தாண்டினால் படிந்த உப்பு தானே நீர் கோத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பெடலை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரை பிளக்கின் மேல் அடித்து (ஓட்டைக்குள் அடிக்காமல்) பத்துத் தடவை செருகி உருவுங்கள். பத்து நிமிடம் காயட்டும். பூட்டுக்கு அடிக்கும் துரு எண்ணெய் வேண்டாம். அது பிசுக்காக நின்று மணலைப் பிடிக்கும். ரப்பர் மூடியுள்ள டப்பாவில் 100 கிராம் சிலிகா ஜெல் போட்டு அதில் பெடலை வையுங்கள். நீலம் ரோஜாநிறமாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வறுத்துத் திரும்பப் போடலாம், ஆனால் சமையல் சட்டியில் அல்ல, அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. கேபிளையும் அதே டப்பாவில் போடுங்கள், காய்ந்த துணியால் முனையைத் துடைத்தபிறகு.