ஸ்கூட்டரை எங்கே தொடங்குவது?

கேள்வி: ஜெர்மனியின் 'ஸ்கூட்டர்' டெக்னோ (மின்னணு நடன இசை) குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பிக்கிறேன். எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பதில்: 1995-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே தொடங்குங்கள். ஹாம்பர்கில் எச்.பி. பாக்ஸ்டரும் ரிக் ஜே. ஜோர்டானும் ஆரம்பித்த குழு இது, அதற்கு முன் இருவரும் 'செலிபரேட் தி நன்' என்ற சின்த்-பாப் (சின்தசைசரில் வாசிக்கும் பாப் இசை) குழுவில் இருந்தவர்கள், அதனால்தானோ என்னவோ எத்தனை வேகமாக அடித்தாலும் உள்ளே ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் வாங்கித் தந்தது 1994-ன் 'ஹைப்பர் ஹைப்பர்' பாடல். அதில் பாக்ஸ்டர் பாடவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார். எனக்கு அந்தக் குரல்தான் உயிர்! அப்புறம் 2008-ல் 'ஜம்ப்பிங் ஆல் ஓவர் தி வேர்ல்ட்' ஆல்பம், பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் பாப் பாடகி மடோனாவையே இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தது. அதையும் தவறவிடாதீர்கள். 2014-ல் ஜோர்டான் விலகிவிட்டார், பாக்ஸ்டர் குழுவை விடவில்லை.