உப்பின் மேல் அடித்த பெயின்ற் நிற்காது

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் வேலணையிலிருந்து தம்பி ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. அவருடைய தகப்பனார் புகையிலை ஏற்றி இறக்க வைத்திருந்த லான்ட் றோவர், 1970களில் வந்த 'சீரீஸ் 3', குட்டை உடம்பு. பல வருடங்களாகக் கொட்டிலில் நின்றது. இயந்திரத்தைத் திருத்தி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் உடம்பில் றிவெட் அடித்த இடங்களைச் சுற்றிப் பெயின்ற் பொங்கியிருக்கிறது. அடியில் யாரோ எப்போதோ பூசிய தார் பாளம் பாளமாக உரிகிறது. லொறிப் பெட்டிக்கு அடிக்கிற றப்பர் போன்ற பூச்சை மேலும் கீழும் அடித்தால் ஆயுளுக்கும் கறள் வராது, முன்னுக்குக் கனமான பம்பரும் கூரைக்கு மேல் றாக்கும் செய்து தருகிறோம் என்று ஒரு கராஜில் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கலாமா, எதைச் செய்விக்கலாம் என்று கேட்கிறார்.

தம்பி, இப்போது அடிக்க வேண்டாம். அந்தப் பூச்சில் குறை எதுவும் இல்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இன்னும் எவரும் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை. தீவுப்பகுதியில் ஓடிய வாகனத்தின் முதல் எதிரி உப்பு. உப்பின் மேல் எந்த விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும், அது கறளுக்குப் போர்த்திய போர்வையாகத்தான் இருக்கும். போர்வை தடிப்பாக இருந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரிய இன்னும் இரண்டு வருடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

லான்ட் றோவர் கறள் பிடிக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக உண்டு. 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதல் வாகனத்தைக் காட்டியபோது இங்கிலாந்தில் போருக்குப் பின்னான உருக்குத் தட்டுப்பாடு. அதனால் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வெளித்தகடு மட்டும்தான் அப்படி. வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் உருக்கு. கால் வைக்கும் பள்ளமும் டாஷ்போட்டும் சேர்ந்த முன் சுவர் உருக்கு. கதவின் உள்சட்டமும் உருக்கு. அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறிய பற்றரி ஆகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம். நீங்கள் காணும் பொங்கலை ஒரு கத்தி முனையால் கிளறிப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் போல வெள்ளையாக உதிரும். அந்தப் பற்றரியின் வேலைதான் அது. மேலே எதை அடித்தாலும் அந்தப் பற்றரி நிற்காது. பொங்கிய றிவெட்டுகளைக் கழற்றி, இரண்டு உலோகங்களையும் சுத்தம் செய்து, இடையில் பொலியுறேதேன் சீலன்ற் என்ற அடைப்புப் பசையை வைத்துப் பிரித்து, பிறகுதான் திரும்ப அடிக்க வேண்டும்.

முதல் வேலைக்குப் பணம் தேவையில்லை. சிறிய சுத்தியலும் கூரான திருப்புளியும் போதும். தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சேசிஸை முன்னிருந்து பின்வரை இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல உருக்கு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே தின்றுபோன இடம் ஈரப்பலகையில் தட்டியது போலத் தொப்பென்று கேட்கும். அந்த இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்துங்கள். இந்தச் சேசிஸ் சுமார் இரண்டு மில்லிமீற்றர் தகட்டில் செய்த உள்ளீடற்ற பெட்டிச் சட்டம். வெளியே பெயின்ற் பளபளத்தாலும் உள்ளிருந்து வெளியே அரிப்பதுதான் அதன் குணம். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிறிங் பொருந்தும் இடங்கள், உடம்பைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், கால் பள்ளம் ஆகிய நான்கையும் அவசரப்படாமல் பாருங்கள். தீவுப்பக்கத்து ஜீப் ஒன்றின் பின் குறுக்குச் சட்டத்தை வெட்டித் திறந்தபோது, உள்ளே இரண்டு கை நிறையக் கறள் செதிலும் அதோடு கலந்து சின்னச் சிப்பி ஓடுகளும் இருந்ததைக் கண்டேன். வெளியில் அந்தச் சட்டத்தின் பெயின்ற் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியம். உப்பைத் தண்ணீரால்தான் கழுவி எடுக்கலாம், மணல் ஊதி, அதாவது மணல் போன்ற துணிக்கைகளை அழுத்தக் காற்றோடு அடித்துச் சுரண்டி, எடுக்க முடியாது. ஆனால் எந்தத் தண்ணீரால்? வேலணையில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரைப் பீச்சிக் கழுவினால் உப்பை எடுத்து உப்பையே திரும்ப வைப்பதாகும். ஆரம்ப காலத்தில் நானும் அப்படி ஒரு சேசிஸைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறைமர் என்ற அடிப்பூச்சில் நல்லதாக ஒன்றை அடித்துக் கொடுத்தேன். கார்த்திகை மழை முடிவதற்குள் உழுந்தளவு கொப்புளங்கள் வரிசையாக எழும்பிவிட்டன. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

அதனால் மழைநீரைச் சேமித்து வையுங்கள், அல்லது சுத்திகரித்த குடிதண்ணீரைப் பௌசரில் எடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், தண்ணீர் சுத்திகரிப்பவர்கள் வைத்திருக்கும் பேனா அளவிலான ரி.டி.எஸ். மானி ஒன்றை இரவல் வாங்குங்கள். ஊற்றும் தண்ணீரை ஒருமுறை அளந்து, சேசிஸில் இருந்து வடிகிற தண்ணீரை ஏந்தி இன்னொருமுறை அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாகும் வரை கழுவுங்கள். வெளியே மட்டும் அல்ல, துளைகளுக்குள் குழாயை விட்டு உள்ளேயும்.

அதன் பிறகு மணல் ஊதலாம். கடற்கரை மணலால் ஊதக் கூடாது. உப்பை அழுத்தி உருக்குக்குள் ஏற்றுகிற வேலை அது. சாதாரண மணலும் வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா ஊதுகிறவரின் நுரையீரலை இறுக்கிவிடும், அந்த நோய்க்குத் திரும்பி வரும் வழி இல்லை. கார்னற் மணிகளோ செப்புக் கசடோ கிடைத்தால் அதைப் பாவியுங்கள். அலுமினியத் தகடுகளை இந்த விதமாக ஊதவே வேண்டாம், நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயின்ற் நீக்கியும் அரத்தாளும் போதும். உருக்கைத் தேய்த்த கம்பித் தூரிகையால் அலுமினியத்தைத் தேய்த்தாலும் உருக்குத் துணுக்குகள் அதில் பதிந்து புதிய இடத்தில் அரிக்கத் தொடங்கும்.

ஊதி முடித்த உருக்கு சாம்பல் வெள்ளையாக அழகாக இருக்கும். ஒரு சிறு பகுதியை மட்டும் ஊதி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். விடியும்போது குழிகளுக்குள் மிளகளவு கறுப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கழுவி, மறுபடி ஊத வேண்டும். கராஜில் இதற்கு முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறைமர் அடிக்கும் நாளும் நேரமும் சாதாரண விஷயம் அல்ல. உருக்கின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட மூன்று பாகை செல்சியஸாவது கூட இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக் கூடாது. நமது காலநிலையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழை, கதை முடிந்தது. 'மாசிப் பனி மூசிப் பெய்யும்' என்பார்கள். அந்த மாதத்தில் விடியற்காலைத் தகட்டைத் தொட்டால் விரல் நனையும். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் காற்றே தூசியும் உப்பும்தான். பங்குனியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். காலை ஒன்பது மணிக்குப் பிறகு, நேர் வெயில் படாத நிழலில். ஃபைபர் படகு செய்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள். எந்த நாளில் றெசின் கலக்கக் கூடாது என்று அவருடைய கைக்கே தெரியும்.

ஊதிய அன்றே, சில மணித்தியாலங்களுக்குள், இரு கலவை எப்பொக்சி பிறைமர் உருக்கில் படிய வேண்டும். கலவை விகிதத்தைக் கண்ணால் அளக்காமல் அளவுக் குவளையால் அளக்கச் சொல்லுங்கள். விசிறி அடிப்பதற்கு முன், வெல்டிங் தையல்களிலும் தகட்டின் எல்லா ஓரங்களிலும் தூரிகையால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பெயின்ற் காயும்போது கூர் ஓரத்தை விட்டு விலகி மெலிந்துவிடும். கறள் முதலில் கடிப்பதும் அங்கேதான். பிறகு இரண்டு முழுப் பூச்சு, அதன் மேல் பொலியுறேதேன் மேற்பூச்சு. மொத்தத் தடிப்பு 200 மைக்கிரோனுக்கு, அதாவது 0.2 மில்லிமீற்றருக்கு, குறையாமல் இருந்தால் நல்லது. அலுமினியத்துக்கு வேறு பிறைமர். உலோகத்தைச் சற்று அரித்துப் பிடிக்கும் எட்ச் பிறைமர்.

இப்போது உங்கள் றப்பர் பூச்சு. பின்பெட்டியின் தரை, கால் பள்ளம், மட்காட்டின் உட்புறம்: கல் தெறிக்கும், பாரம் உரசும் இந்த இடங்களில் அது அருமையான பூச்சு, எப்பொக்சிக்கு மேல் தாராளமாக அடிக்கலாம். சேசிஸில் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் ஆண்டுக்கொரு முறை தட்டிப் பார்க்கும் வசதி போய்விடும். கதவு, பொனற், பக்கத் தகடுகளிலும் வேண்டாம். றிவெட்டையும் தகட்டு இணைப்பையும் அது பாலம் போட்டு மூடும். இணைப்பு அசைந்து ஒரு மயிர்க்கீறல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

இரு கலவைப் பொலியுறேதேனை விசிறும்போது ஐசோசயனேற்று என்ற நஞ்சு காற்றில் கலக்கிறது. ஒருமுறை அது ஒத்துக்கொள்ளாமல் போய் ஆஸ்துமா பிடித்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும். வெளியிலிருந்து நல்ல காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். துணி முகக்கவசம் எதையும் தடுக்காது. பெயின்ற் அடிக்கிற பிள்ளைக்கு அந்த முகமூடி இல்லாத இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சேசிஸின் உள்ளே, எல்லாம் காய்ந்த பின், நீண்ட குழாய் வைத்து மெழுகு வகைப் பூச்சைப் பீச்ச வேண்டும். பழைய இயந்திர ஒயிலைப் பீச்சும் வழக்கம் இங்கே உண்டு. அது றப்பர் புஷ்களை ஊதவைக்கும், பின்னால் எந்தப் பெயின்ற்றையும் ஒட்டவிடாது. அதைவிடப் பெரிய பாவம், அது நிலத்தில் சொட்டுவது. நமக்குக் கீழே இருப்பது வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல். முற்றத்தில் விழுந்த ஒயில் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது.

வெல்டிங் என்ற ஒட்டு வேலைக்கு வருவோம். கெட்ட இடத்தின் மேல் தகட்டை வைத்து ஒட்டக் கூடாது. நல்ல உருக்கு வரும் வரை வெட்டி எடுத்து, அதே தடிப்பில், மூலைகளை வளைவாக வெட்டிய தகட்டைச் சுற்றிவர முழுத் தையலாக ஒட்ட வேண்டும். கால் பள்ளத்து ஓட்டைகளை ஃபைபரால் அடைப்பது நம் பக்கத்தில் வழக்கம். ஈரத்தைச் சிறைவைக்கும் வேலை அது. சேசிஸ் முறுக்காமல் இருக்க, பாரத்தைச் சமமாகத் தாங்கவைத்து, வெட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை அளந்து எழுதிவையுங்கள். பற்றரி, ஓல்ற்றநேற்றர் இணைப்புகளைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதை முற்றாக இறக்கித் தூரமாக வையுங்கள். வெறும் தாங்கிதான் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும்.

பம்பர் செய்விக்கலாம், ஆனால் மூன்று மில்லிமீற்றர் தகட்டில், இழுக்கும் கொளுவியைச் சேசிஸ் நுனிகளுக்கு நேராக வைத்து. அதைவிடக் கனம் போனால் முன் ஸ்பிறிங் தாழும், ஸ்ரியரிங் பாரமாகும். கூரை றாக்கை நாகம் பூசிய ஜீ.ஐ. குழாயில் செய்து தருவார்கள். ஒட்டும் இடத்தில் நாகம் எரிந்துபோகும், அந்தப் புகை ஒட்டுகிறவருக்குக் காய்ச்சல் தரும், பின்னர் கறள் முதலில் வருவதும் அந்த மூட்டில்தான். கறுப்புக் குழாயில் ஒட்டி முடித்து, முழுதாக ஊதி, சேசிஸுக்குச் சொன்ன அதே பூச்சை அடியுங்கள். மெல்லிய அலுமினியக் கூரையில் நேரே துளைக்காமல், மழைநீர்க் கானில் கால்களை ஊன்றி, இடையில் றப்பர் வையுங்கள். உடம்புத் தகட்டுப் போல்ற்றுகளுக்கு நைலோன் வாசர் போடுங்கள். ஸ்பிறிங், ஸ்ரியரிங் போல்ற்றுகளைத் துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றிவிட வேண்டாம். அங்கே அதற்கென்றே செய்த பலமான போல்ற்றுத்தான் வேண்டும்.

சேசிஸ் இலக்கம் வலப்பக்க முன் ஸ்பிறிங் தாங்கியில் பொறித்திருக்கும். ஊதுவதற்கு முன் படம் எடுத்து, அந்த இடத்தைத் தடித்த நாடாவால் மூடிவிடுங்கள். நிறத்தை மாற்றுவதானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். அப்பாவின் பழைய நிறத்தையே அடிப்பீர்கள் என்றால் அந்த அலைச்சல் இல்லை, எனக்கும் அதுதான் விருப்பம்.

கடைசியாக ஒன்று. சேசிஸின் அடியில் தண்ணீர் வடியத் தொழிற்சாலையிலேயே விட்ட துளைகள் உண்டு. தாரும் பெயின்ற்றும் மாறி மாறி அடைத்து அவை காணாமல் போயிருக்கும். வேலை முடிந்து ஜீப்பை எடுக்கப் போகும்போது ஒரு தென்னீர்க்கைக் கொண்டுபோய், ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.