வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: வளாகத்தில் இரு மொழிகள்

கேள்வி: கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் மட்டக்களப்பு. சிங்கள மாணவர்களும் நாங்களுமாகப் பன்னிரண்டு பேர், வாரம் ஒரு நாள் கூடி ஒருவர் மொழியை மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பது என்று தொடங்கினோம். ஒரு மாதத்துக்குள் பேச்செல்லாம் சிங்களத்துக்குப் போய்விட்டது; அது முடியாத இடத்தில் ஆங்கிலம் வந்துவிடுகிறது. தமிழுக்கு இடமே இல்லை. என்ன செய்யலாம்?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் குழுவில் எவர் மீதும் குறை சொல்வதற்கில்லை. பஸ்ஸிலும் கடையிலும் அன்றாடம் சிங்களம் பேசிப் பழகிய தமிழ் மாணவருக்கு அந்த மொழி ஓரளவாவது வரும். எதிரே இருப்பவருக்கு ‘வணக்கம்’ என்பதற்கு மேல் தமிழ் வராது. ஆகவே பேச்சு, பள்ளம் கண்ட தண்ணீரைப் போல, வசதியான பக்கம் ஓடிவிடுகிறது. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் நீங்கள் நடத்துவது பரிமாற்றம் அன்று, ஒருவழிப் பயிற்சிதான்.

1960களில் ஜேர்மன், பிரெஞ்சு இளைஞர்கள் சந்தித்த முகாம்களில் ‘டான்டெம்’ என்ற கற்றல் முறை உருப்பெற்றது. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. இருவரும் கற்பவர், இருவரும் கற்பிப்பவர்; நேரம் சரிபாதி என்பதே அதன் அடிப்படை. நீங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே வட்டமாக அமராமல் ஆறு சோடிகளாகப் பிரியுங்கள், ஏனெனில் வட்டத்தில் நன்றாகப் பேசுபவரே எல்லோருக்குமாகப் பேசிவிடுவார். கைத்தொலைபேசியில் முப்பது நிமிடத்துக்கு மணி வையுங்கள்; மணி அடித்தால், சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றாலும் சரி, மொழியை மாற்றுங்கள். தமிழுக்குரிய அரை மணித்தியாலத்தில் நண்பர் தடுமாறும்போது சிங்களத்தில் கைகொடுக்காதீர்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் அவர் கற்கிறார். சொல் வராவிட்டால் சைகை செய்யட்டும், படம் வரையட்டும். ஆங்கிலம் மட்டும் வேண்டாம்.

நான் மாணவியாக இருந்த காலத்தில் மாத்தறையிலிருந்து வந்த ஒரு தோழியுடன் இவ்வாறு மரத்தடியில் அமர்ந்ததுண்டு. ஒரு நாள் அவர் கையில் கதலி வாழைப்பழம் ஒன்று இருந்தது. அரை மணித்தியாலமும் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்தது. அவர் வாயில் அது ‘பலம்’ என்றே வந்தது. நாக்கு எங்கே வளைகிறது என்று என் வாயையே உற்றுப் பார்த்தார். அப்போதுதான், நானே அதைப் ‘பளம்’ என்று சொல்லி வந்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. நம்மில் பலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கிறோம். மணி அடித்ததும் அவர் ஆசிரியரானார். தம் உள்ளங்கையில் இரண்டு சிங்களச் சொற்களை எழுதினார்: ஒன்றுக்கு மலை என்று பொருள், மற்றதற்கு அடிமரம் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கந்த’ தான். மலையைச் சொல்லும்போது ‘ந்’ என்ற ஒலி முழுதாக நிற்கும். மரத்தைச் சொல்லும்போது அது தொட்டும் தொடாமலும் அடுத்து வரும் ‘த’ ஒலியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வேறுபாடு என் காதில் விழ இரண்டு வாரம் சென்றது. இருவரும் சம அளவில் திணறியதால்தான் எங்கள் நட்பு நிலைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

கேள்வி: சிங்கள நண்பர் ஒருவர் தமிழ் கற்க விரும்புகிறார். நான் மலையகத்தைச் சேர்ந்தவன். என் அறைத்தோழர் யாழ்ப்பாணம். எந்தத் தமிழைக் கற்பிப்பது, நூல் தமிழா, பேச்சுத் தமிழா?
– மாணவர், தெஹிவளை

பதில்: உங்கள் வாயில் வருகின்ற தமிழையே கற்பியுங்கள். எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் உள்ள இடைவெளி சிங்களத்திலும் உண்டு. ஆகவே அதை நண்பருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்குக் கடினமாக இருக்கப்போவது வினைமுடிவு. பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா, ஒயா யனவா, எயா யனவா’ என்று யார் போனாலும் வினை மாறாது. நமக்கோ போறேன், போறீங்க, போறார் என்று ஆளுக்கொரு விகுதி. பத்து வினைகளை அரைகுறையாகத் தருவதை விட, ஒரே வினையை எல்லா இடங்களிலும் சொல்லிப் பழக்குங்கள். எழுத்துக்கு வரும்போது, கடல், தங்கம், பகல் ஆகியவற்றில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பது அவரைத் திகைக்க வைக்கும், ஏனெனில் அவருடைய நெடுங்கணக்கில் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்துண்டு.

முன்னிலையில் ‘நீங்கள்’ மட்டும் போதும். யாழ்ப்பாணத்து ‘நீர்’ என்ற இடைநிலை மரியாதையை உங்கள் அறைத்தோழர் பிறகு சொல்லிக்கொடுக்கட்டும். பாண், அலுமாரி, சப்பாத்து போன்று போர்த்துக்கேயரிடமிருந்து இரு மொழிகளும் வாங்கிய சொற்களையும், தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சென்ற கடை, முதலாளி போன்றவற்றையும் முதல் நாளே எடுத்துக்காட்டினால், தமக்கு ஏற்கனவே கொஞ்சம் தமிழ் தெரியும் என்ற துணிவு அவருக்கு வரும்.

கேள்வி: எங்கள் மாணவர் சங்கம் பண்பாட்டு மாலை ஒன்றை நடத்த எண்ணியுள்ளது: நடனம், பாட்டு, உணவு. இது பயன் தருமா?
– சங்கச் செயலாளர், கொழும்பு

பதில்: மேடையில் ஒருவர் ஆட, கீழே மற்றவர் கைதட்டிக் கலைந்தால் பயன் குறைவு. ஏப்ரலில் வரும் புத்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரு சமூகத்துக்கும் பொதுவான நாள் அது. நாம் தலையில் மருத்துநீர் வைத்து நீராடுகிறோம். அவர்கள் குறித்த சுபநேரத்தில் தலையில் எண்ணெய் வைக்கிறார்கள். பெரியவர் கையால் பணம் பெறுவது நமக்குக் கைவிசேடம், பணம் கைமாற்றிக்கொள்வது அவர்களுக்கு ‘கனுதெனு’. இவற்றை மேடையில் காட்டாமல், ஒவ்வொரு மேசையிலும் இரு மொழியினரும் கலந்து அமர்ந்து, ஒருவர் செய்ய மற்றவர் கேட்டுக் கேட்டுச் செய்யும்படி அமையுங்கள். பாற்சோறு கிண்டுபவரிடம் பொங்கல் வைப்பவர் கேள்வி கேட்கும் அந்த நேரத்துக்காகவே விழாவை வையுங்கள். அறிவித்தலை இரு மொழியிலும், ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். ஒரே மொழியில் வந்த அறிவித்தல்களின் முன் நின்று, இது நமக்கல்ல போலும் என்று திரும்பிப் போன நாட்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

கேள்வி: மகள் வளாகத்தில் சிங்களம் கற்பதில் நேரம் செலவிடுகிறாள். முதலில் ஆங்கிலத்தை அல்லவா கவனிக்க வேண்டும்?
– தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தைக் கெடுத்துவிடாது, அம்மா. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் புதிதாகச் சேர்பவர்கள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மகள் அரச வேலைக்குச் சென்றால் இந்தச் சிங்களம் அங்கே கைகொடுக்கும். அவளிடம் கற்கும் சிங்களப் பிள்ளையும் நாளை ஓர் அலுவலகத்தில், தமிழில் விண்ணப்பத்தோடு வரும் ஒருவருக்கு முன்னால் அமரக்கூடும். மகளுடைய தோழியை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். நீங்களும் அவருடன் தமிழிலேயே, மெதுவாகப் பேசுங்கள்.