‘அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் சார்!’

கேள்வி: பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். குழந்தைத் திருமணம் பற்றிய பாடம் வந்தால் பாதிப் பிள்ளைகள் ‘அந்தக் காலத்து ஆட்கள் மோசம்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘அப்போ அதுதான் வழக்கம், தப்பு சொல்லக்கூடாது’ என்கிறார்கள். பேச்சு அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகிறது. அன்று எல்லாரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று இருவருமே நம்புகிறார்கள். அதனால் ‘சரியா, தப்பா’ என்று தொடங்காதீர்கள். ‘அன்றைக்கே இதை எதிர்த்தவர் யார், ஏன்?’ என்று கேளுங்கள்.

இதற்கு நான் எடுப்பது ருக்மாபாய் வழக்கு. பம்பாயில் 11 வயதில் கல்யாணம். கணவர் வீட்டுக்குப் போகாமல் தாய்வீட்டிலேயே இருந்து படித்தார். 1884இல் கணவர், மனைவியைத் தன்னுடன் வாழ அனுப்பச் சொல்லி வழக்குப் போட்டார். விவரம் அறியாத வயதில் நடந்த கல்யாணத்துக்காக வளர்ந்த பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1885இல் நீதிபதி பின்ஹே மறுத்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகு, 1887இல் வேறொரு நீதிபதி கணவரோடு போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய்.

கதையை இங்கே நிறுத்திவிடுங்கள். ‘நீங்கள் நீதிபதியாக இருந்தால்?’ என்று கேட்டு, தீர்ப்போடு ஒரு காரணமும் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

அப்புறம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் வழி இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து இங்கே வந்தது. அதை மீறினால் சிறை என்பதை அங்கே 1884லேயே எடுத்துவிட்டார்கள். இங்கே அது தொடர்ந்தது. ஆக, ‘நம் பழைய வழக்கம், அவர்களுடைய புதிய நியாயம்’ என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. இன்னொன்று, சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற திலகர் ருக்மாபாயை எதிர்த்தார். நம் சமூக விஷயங்களில் அந்நிய அரசு தலையிடக்கூடாது என்பது அவர் வாதம். இங்கே வகுப்பு திகைக்கும், திகைக்கட்டும். ‘இந்த வழக்கம் நியாயமா’ என்பது ஒரு கேள்வி, ‘அதை மாற்றும் உரிமை யாருக்கு’ என்பது வேறு கேள்வி என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கத் தொடங்கும் இடம் அதுதான்.

பிறகு முடிவைச் சொல்லுங்கள். 1888இல் கணவருக்கு 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு சமரசமானது. ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படித்து, சூரத்தில் டாக்டராக வேலை பார்த்தார்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கரும்பலகையில் பெண்ணின் திருமண வயதை எழுதுங்கள்: 1929 சாரதா சட்டத்தில் 14, 1949இல் 15, 1978இல் 18. அதை 21 ஆக்க 2021இல் மக்களவையில் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ‘ஆக்கலாமா?’ என்று கேளுங்கள். ‘அந்தக் காலத்து ஆட்கள்’ என்று அடுத்தவரைக் காட்ட இங்கே வழியில்லை.

மதிப்பெண் தீர்ப்புக்கு வேண்டாம், காரணத்துக்குக் கொடுங்கள். உங்கள் கருத்தோடு மோதுகிற பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் கல்யாணம் ஆனதா?’ என்று வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கே வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். மணி அடித்த பிறகும் அழிக்காமல் விட்டுவிட்டுப் போங்கள்.