வாசலில் ஓடிய ஜெட் ஸ்கீ ஏரியில் ஏன் நின்றது?

கேள்வி: பழைய ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) ஒன்று வாங்கினேன், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். முடுக்கினால் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி நகரவில்லை. வீடியோக்களைப் பார்த்து, வண்டியைத் தள்ளும் பம்பைக் கழற்றி, தேய்ந்துபோன வேர் ரிங்கை (பம்பில் சுழலும் விசிறியைச் சுற்றியிருக்கும் வளையம்) நானே மாற்றினேன். வாசலில் தோட்டக் குழாயை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தபோது அருமையாக ஓடியது. சிம்கோ ஏரியில் இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சூடு ஏறிவிட்டதாக பீப் அடிக்க ஆரம்பித்தது, வேகமும் தானாகக் குறைந்தது, நிறுத்திவிட்டேன். நண்பர் தன் படகில் கட்டி, இருட்டுவதற்குள் கரை சேர வேண்டுமென்று வேகமாக இழுத்து வந்தார். இப்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதியது. மனைவி விற்றுவிடச் சொல்கிறார்.
- வாசகர், ஒன்டாரியோ

பதில்: முதலில் அந்தப் பட்டனிலிருந்து கையை எடுங்கள். (இதை மட்டும் அன்றைக்கே மின்னஞ்சலில் சொல்லிவிட்டோம், இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை.) உங்களுக்கு இரண்டு தனித்தனித் தொல்லைகள், இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

'டக்' சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் ரிப்பேர் இல்லை, நண்பரின் அவசரம். எஞ்சின் நின்றிருக்கும்போது வேகமாக இழுத்தால் பம்ப் வழியாகத் தண்ணீர் ஏறி, குளிரூட்டும் குழாயில் புகுந்து, புகைப்பாதை நிரம்பி, கடைசியில் சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, பிஸ்டன் முட்டி நிற்கும், விடாமல் பட்டனை அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையலாம். இழுப்பதாக இருந்தால் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்ட வேண்டியிருந்தால் தண்ணீர் உள்ளே வரும் குழாயை கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும்.

சீட்டைக் கழற்றி, பெட்ரோல் ஆவி போகும்வரை நன்றாகக் காற்றாட விடுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களின் இணைப்பைப் பிரித்துவிட்டு, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அப்புறம் ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் தண்ணீர் கலந்து பால் டீ மாதிரி இருந்தால் மாற்ற வேண்டும், ஒரு தடவையில் தெளியாது, இரண்டு மூன்று தடவை ஆகலாம். நின்று பல நாள் ஆகியிருந்தால் உள்ளே துரு பிடித்திருக்கும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

சரி, ஏரியில் சூடானது ஏன்? பல ஜெட் ஸ்கீக்களில் எஞ்சினைக் குளிர்விக்கத் தனி வாட்டர் பம்ப் கிடையாது. வண்டியைத் தள்ளும் அதே ஜெட் பம்ப்தான் ஏரித் தண்ணீரில் கொஞ்சத்தை எஞ்சினுக்கும் அனுப்புகிறது. பம்பைத் திரும்பப் பொருத்தும்போது கசிவை அடைக்கும் சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசினால், அது பிதுங்கி, எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் சின்னத் துவாரத்தை அடைத்துவிடும், இல்லையென்றால் இணைப்பு ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்காது. வாசலில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், தோட்டக் குழாய்த் தண்ணீர் பம்பைத் தொடாமல் நேராக எஞ்சினுக்குப் போவதுதான். அந்தச் சோதனையில் நீங்கள் எஞ்சினைத்தான் பார்த்தீர்கள், நீங்கள் கைவைத்த பம்பைப் பார்க்கவே இல்லை.

அந்தக் குழாய் விஷயத்தில் இன்னொன்று: எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தாலும் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து அதே 'டக்' கதைதான்.

பம்பை மறுபடி கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியபின், கரையோரமாக, ஆனால் மணலை உறிஞ்சாத ஆழத்தில் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சும் சிறு துளை இருந்தால் அதில் கண் வையுங்கள், பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதிலும் தப்பில்லை, ஆனால் ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்கு என்ன விலை கிடைக்கும்? ஓடவைத்துவிட்டு அந்தப் பேச்சை எடுங்கள்.