நூறு வெள்ளி வாங்கினேன், மிச்சம் எங்கே?

பினாங்கில் சின்னத் தொழில் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எண்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: அண்ணே, ஏர்கோன் (ஏசி) கழுவ வீட்டுக்கு 100 வெள்ளி வாங்குகிறேன். ஒரு நாளைக்கு மூன்று வீடு. உதவிக்கு ஒரு தம்பி. மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லையே?

தம்பியிடமிருந்தே தொடங்குவோம். சம்பளம் 1,700, 2025 ஆகஸ்டு முதல் ஒரே ஆள் வைத்திருந்தாலும் அதற்குக் கீழே கொடுக்க முடியாது. இபிஎஃப் எனும் சேமநிதிக்கு உங்கள் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் முப்பது சொச்சம். ஆக மொத்தம் 1,950ஐத் தாண்டுகிறது.

ஒரு நாளைக்கு மூன்று வீடு என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பில் புத்தகத்தில் போன மாதம் எண்ணிப் பார்த்தேன், 41 பில்தான் இருக்கிறது. மழை, ஒத்திப்போட்ட வீடு, பட்டறையில் கிடந்த வேன் எல்லாம் போக மிஞ்சியது அவ்வளவுதான். தம்பி சம்பளம் மட்டும் பில்லுக்கு 47 வெள்ளிக்கு மேல் விழுகிறது. நூறில் பாதி அங்கேயே போயிற்று! நல்ல நாளை மனதில் வைத்து விலை போடாதீர்கள், பில் எண்ணிக்கையை வைத்துப் போடுங்கள்.

அப்புறம் உங்கள் பெருநிலக் கரையையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலம். தீவுக்குப் போகும்போது 5.74 டோல், திரும்பும்போது இல்லை என்று மனம் ஆறிவிடுகிறது. ஜாமில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு யார் பில் போடுவது? தீவிலிருக்கும் பாயான் பாருவுக்குத் தனி விலை சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன், 45 வெள்ளி. வாடகை இல்லை. லைனிங், நூல், ஹூக் 9 வெள்ளி. மிச்சம் 36 லாபம்தானே?

இல்லம்மா, அது உங்கள் கூலி. அளவெடுக்க, வெட்ட, தைக்க, பிறகு "கை இறுக்குது" என்று திரும்பி வருவதைப் பிரித்துத் தர நான்கு மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 9 வெள்ளி. சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 8.72! கரண்டும் மெஷின் தேய்மானமும் இன்னும் கழியவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி ஒரு மணிக்குத் தைப்பதற்கும் இதே விலையா?

பிறையிலிருந்து: வேன் தவணையைச் செலவில் எழுதலாமா?

வட்டியை எழுதுங்கள், அசலை எழுதாதீர்கள். அசலுக்குப் பதில் வேன் இழக்கும் மதிப்பை எழுத வேண்டும். 50,000க்கு வாங்கி ஆறு வருடம் ஓட்டி 14,000க்கு விற்பீர்கள் என்றால் மாதம் 500 தேய்மானம். தவணை முடிந்ததும் விலையைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அடுத்த வேனுக்கு முன்பணம் தேடி அலைவதும் அவர்களேதான்.

மறுபடி பட்டர்வொர்த்: 120 ஆக்கினால் ஆள் ஓடிவிடுவார்களே அண்ணே?

சிலர் ஓடுவார்கள், சரி. கழுவுகிற மருந்து, பெட்ரோல், டோல் என்று வீட்டுக்கு 30 வெள்ளி போகிறது என்று கொள்வோம். இப்போது ஒரு பில்லில் நிற்பது 70. 41 பில்லுக்கு 2,870. விலை 120 என்றால் நிற்பது 90. 32 பில்லிலேயே 2,880 வந்துவிடுகிறது. ஒன்பது பேர் போனாலும் தம்பி சம்பளத்துக்கு இன்றைக்கு இருக்கும் அதே காசு இருக்கும், ஒன்பது வீட்டு மாடிக்கு ஏணி தூக்கும் வேலையும் மிச்சம்.